குரு அடிவாங்கிய வாரம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பொங்கியண்ணன் பவுண்டரி எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். உலை ஓடுகிற நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு அந்தத் தகரக் கொட்டகைக்கு மேலே சாயங்கால வானம் இரண்டு தடவை சிவக்கும். சூரியன் இறங்குவதால் ஒரு தடவை, பொங்கியண்ணன் இரும்பு உருக்குவதால் இன்னொரு தடவை.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். பெருந்துறைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து மாற்றுத்துணிகூட இல்லாமல் கிளம்பி வந்து, எவனோ ஒருவன் பவுண்டரியில் மண் சலிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். அச்சுக்குப் போடுகிற மண்ணை ஒரு பிடி பிடித்துப் பார்த்து, ஈரம் கூடவா குறைச்சலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்குத் தேறினார். பிறகு சொந்தமாக உலை போட்டார். கோயமுத்தூர் ஜில்லாவில் தண்ணீர் இறைக்கிற பம்புகளில் பாதிக்கு என் கையால் வார்த்த உடம்புதான் என்று அவரே சொல்வார். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். கால்வாசி என்று வைத்துக்கொண்டாலும் அது லேசுப்பட்ட காரியமா? பட்டம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியவர்களில் எத்தனை பேர் ஊருக்குக் கால்வாசித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்?

ஆனால் அவருடைய பெரிய பெருமை பம்பு இல்லை. ஒரு வாரம். ஆடி மாதத்தின் முதல் வாரம்.

ஆடியில் எங்கள் சீமையில் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. கல்யாணம் கிடையாது, புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவது கிடையாது, கடை திறப்பு கிடையாது. பொங்கியண்ணன் மட்டும் 1969இல் ஆடி பிறந்த அந்த வாரத்திலேயே உலையைப் பற்றவைத்தார். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிற குடியானவனுக்குப் பம்பு ஆவணியில் கிடைத்து என்ன பிரயோஜனம்? மாமனார் வரவில்லை. பங்காளிகள் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் உலைக்குக் கரி கொட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் டீக்கடை ரேடியோவில் ஒரு சேதி சொன்னார்கள். நிலாவில் மனுசன் கால் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் உலையின் வாயைத் திறந்தபோது முதல் இரும்பு வெள்ளையாக, பால் போல ஓடி வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கொட்டகைக்கு நேர் மேலே அரை நிலா. மேலே அங்கே இரண்டு ஆள் இன்னும் இருக்கிறார்கள், கீழே இங்கே நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்போடுதான் முதல் பம்பை வார்த்தார். அது இன்றும் அன்னூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் ஓடுகிறது.

பிறகு வருஷா வருஷம் பேப்பரில் 'இதே வாரத்தில்' என்று பழைய சங்கதிகளைப் போடும்போதெல்லாம் அவருக்கு வாய் பிளந்துபோகும். நம் தேசியக் கொடி இதுதான் என்று டில்லியில் முடிவு செய்தது 1947இல், அதே வாரம். மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க மெட்ராஸ் சட்டசபையில் தீர்மானம் போட்டது 1967இல், அதே வாரம். பெரிய பேங்குகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது, அவர் உலை மூட்டியதற்கு முந்தின சனிக்கிழமை. எல்லாம் ஆடி பிறந்த கையோடு. ஊரே ஒதுக்கிவைத்த ஒரு வாரத்தில் உலகம் இத்தனை வேலை பார்த்திருக்கிறது! வருஷம் தவறாமல் அந்த வாரத்தில் பட்டறை ஆட்களை நிறுத்தி, கொடியில் தொடங்கி நிலாவில் ஏறித் தன் உலையில் வந்து முடிப்பார். ஆளுக்கு ரெண்டு ஜிலேபி கிடைக்கும் என்பதால் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

1994இல் அந்த வாரத்துக்கு வெள்ளி விழா. அந்த வருஷம்தான் மகள் மோகனப்பிரியாவுக்கு வரன் அமைந்தது.

மாப்பிள்ளை கிருபாசங்கர், சென்னிமலை. குடும்பத்துக்கு அங்கே பெட்ஷீட் வியாபாரம். அப்பா நஞ்சப்பன் அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அம்மா பழனியாத்தாள் பேசுவார். ஜாதகம் பொருந்தியது. பையனுக்குக் குரு பலன் வந்துவிட்டது என்று ஜோசியர் சொன்ன பிறகுதான் பழனியாத்தாள் பேச்சையே எடுத்தார். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்த்து, பிடித்திருக்கிறது என்று அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மிச்சம் உப்புச் சர்க்கரைதான். இரண்டு வீட்டாரும் தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்து மாற்றிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு பேச்சு மாறாது. எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் நாள் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். வந்த நேரம் ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு மேல் தட்டு மாற்றலாம் என்று எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் வினையாகப் போயிற்று.

நஞ்சப்பன் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "ஏனுங்க, பவுண்டரி ஆரம்பிச்சு இருவத்தஞ்சு வருசமாச்சுங்களாமா?"

பொங்கியண்ணனுக்கு அது போதும். கொடி வந்தது, தமிழ்நாடு வந்தது, பேங்கு வந்தது, நிலா வந்தது. சம்பந்தி வீட்டார் அசந்துபோய்க் கேட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதெல்லாம் பழசுங்க!" என்று பேப்பரை விரித்தார். "நாளைக்கு ராத்திரியிலிருந்து நடக்கப்போறதக் கேளுங்க. வானத்துல ஒரு வால்நட்சத்திரம் இருவது துண்டுக்கு மேல ஒடஞ்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா ரயில் பொட்டியாட்டம் வந்துட்டிருக்குது. ஒவ்வொண்ணும் உங்க சென்னிமலையாட்டம் பெரிசு. நேராப் போயி வியாழன் மேல இடிக்கப்போவுது. ஒரு வாரம் பூரா இடிதான்! மனுசன் பொறந்ததுலருந்து பாக்காத சங்கதிங்க. அதும் எந்த வாரத்துல? என்ற வாரத்துல!" என்று தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பழனியாத்தாளின் கை நின்றது.

"எது மேலீங்கண்ணா இடிக்குது?"

"வியாழன் மேலம்மணி."

"வியாழன்னா, நம்ம குரு பகவானுங்களா?"

"அவுரேதான்!" என்றார் பொங்கியண்ணன், தானே ஏற்பாடு செய்து வைத்ததைப் போல.

வெற்றிலை தட்டுக்குத் திரும்பியது.

"குரு பலன் வந்துருச்சுன்னுதானுங்க இந்தப் பேச்சையே எடுத்தோம். அந்தக் குருவே நாளையிலருந்து ஒரு வாரத்துக்கு அடி வாங்கப்போறாரு. இன்னிக்கு அவுரு பேரைச் சொல்லி நாங்க சர்க்கரை வாங்கறதுங்களா?"

"அது சும்மா கல்லுங்கம்மணி. வெள்ளக்காரன் எதையாச்சும் எழுதுவான்..."

"இப்பத்தான மனுசன் பாக்காத சங்கதின்னு சொன்னீங்க?"

நஞ்சப்பன் மனைவியைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல முடியாது. இலை போட்டதும் உட்கார்ந்தார்கள். பருப்பும் நெய்யும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கை கழுவிவிட்டுக் கும்பிட்டார்கள். ஆனால் அவர்கள் கொண்டு வந்த தட்டு மேலே மூடிய துணி விலகாமலேயே காருக்குள் திரும்பிப் போனது.

"ஒரு வாரம் போவட்டுங்கண்ணா. குரு என்ன ஆறாருன்னு பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார் பழனியாத்தாள்.

ஒரு வாரம் போனால் ஆடி. ஆடி போவதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வீட்டார் அந்தப் பையனைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள்.

கார் ரோட்டில் ஏறியதும் சாந்தாமணி, அவர் சம்சாரம், உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

"ஒண்ணரை மணி நேரம் உங்களால வாய மூடிட்டு உக்கார முடியலீங்களா? நெலாவுக்குப் போனவனே பேசாமப் போயிட்டு வந்துட்டான்."

மோகனப்பிரியா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பேப்பரை எடுத்து முழுக்கப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"அப்பா, நீங்க சொன்னதெல்லாம் நெசந்தானுங்க. ஆனா எனக்கு அந்த ஊட்டுக்கேதான் போவோணும். கோபிக்காரங்க முந்திக்கறதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

இரும்பு உறைந்துபோனால்கூட உடைத்து மறுபடி உருக்கலாம். வாயிலிருந்து போன சொல்லை எந்த உலையில் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை சேதி வந்துவிட்டது. முதல் துண்டு இடித்துவிட்டது. திங்கட்கிழமை இன்னும் பெரியது. டிவியில் ஒரு படம் காட்டினார்கள், மங்கலான உருண்டை, அதில் கருப்பாக ஒரு கறை. பட்டறையில் மண் மிதிக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு, "ஏனுங்க மொதலாளி, குரு இருக்காருங்களா?" என்று கேட்டார்கள். அந்த வருஷம் ஜிலேபி வாங்கினார், பேசவில்லை. ஜோசியரிடம் போனார். அவர் ஓலையைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"குரு வக்கரிச்சிருக்காருங்க, நீசமாயிருக்காருங்க, மறைஞ்சும் இருந்திருக்காருங்க. அடி வாங்கினதா மட்டும் எங்கயும் எழுதலீங்களே."

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட மைதானத்தில் ஒருவர் தொலைநோக்கி வைத்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. மாசாணம் என்று பெயர்; ஆனைமலைப் பக்கத்துக்காரர், கோயமுத்தூரில் ஒரு காலேஜில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். ஜனங்கள் பார்க்கட்டும் என்று காசு கேட்காமல் கொண்டுவந்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் பொங்கியண்ணன் போனார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் மந்தை மந்தையாக வந்து போய்க்கொண்டிருந்தது. இடையில் கொஞ்சம் விலகியபோது எல்லோரும் ஓடினார்கள். ஆனால் ஆடிக் காற்று அந்தக் குழாயைப் பிடித்து உலுக்கியதில், கண் வைத்தவர்களுக்கெல்லாம் குரு தவளை மாதிரிக் குதித்தார்.

பொங்கியண்ணன் குனிந்து தொலைநோக்கியின் மூன்று காலையும் பார்த்தார்.

"இதென்னுங்க வாத்தியாரே, கொக்குக் காலு?"

"அலுமினியமுங்க. தூக்கறதுக்கு லேசா இருக்கும்."

"தூக்கறதுக்கு லேசா இருந்தா காத்துக்கும் லேசாத்தான் இருக்கும். நாளைக்குப் பொழுதோட வாரேன்."

மறுநாள் பட்டறையில் பெரிய பம்புக்கு வார்த்து வைத்திருந்த அடிப்பீடம் ஒன்றை எடுத்து, பக்கத்து லேத்தில் துளை போட்டு, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இறக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. குழாயை அதன்மேல் முடுக்கி, தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். அசையவில்லை.

"ரொம்ப நல்லதுங்க. ஆனா இதை நான் எப்படிங்க பஸ்ல எடுத்துட்டுப் போறது?" என்றார் மாசாணம்.

"எதுக்கெடுக்கறீங்க? இங்கியே கெடக்கட்டும். நாளப்பின்ன வேறெதுனாச்சும் இடிக்காமயா போவும்?"

பீடம் கொடுத்தவர் என்பதால் முதல் பார்வை அவருக்கே கிடைத்தது. ஒரு கண்ணை மூடி, இன்னொன்றை வைத்தார்.

வழக்கமாகத் தெரிகிற நட்சத்திரம் கொஞ்சம் பெரிசாகத் தெரியும், அவ்வளவுதான் என்று நினைத்துப் போனவர். அங்கே நட்சத்திரம் இல்லை. இருட்டுக்குள் ஓர் உருண்டை, எதன்மேலும் நிற்காமல், எதிலிருந்தும் தொங்காமல், தானாக நின்றுகொண்டிருந்தது. பசும்பாலில் ஒரு சொட்டுத் தேத்தண்ணீர் விட்ட நிறம். குறுக்கே பவானி ஜமக்காளத்தில் போடுகிற மாதிரிப் பட்டைகள். இரண்டு பக்கத்திலும் ஒரே கோட்டில் நான்கு பொட்டு வெளிச்சம். அவை நான்கும் அதன் நிலாக்கள் என்றார் மாசாணம். நமக்கு ஒரு நிலா. அதில் கால் வைத்ததற்கே இருபத்தைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே நாலு தெரிகிறது. இந்தக் குழாய்க்குத் தெரியாதது இன்னும் இருக்கிறதாம்.

மேலே ஓரமாகக் கருப்பாக ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"அதுதான் இடிச்ச எடமுங்க. ஒவ்வொண்ணும் நம்ம பூமி அளவு" என்றார் மாசாணம்.

"பூமின்னா... கோயமுத்தூரு, மெட்ராசு, அமெரிக்கா எல்லாமுங்களா?"

"கடலும் சேத்துங்க."

பொங்கியண்ணன் கண்ணை எடுத்துவிட்டு வெறுமனே வானத்தைப் பார்த்தார். அங்கே குரு ஒரு மூக்குத்திக் கல்லாக இருந்தார். மறுபடி குழாயில் பார்த்தார். ஆயுசு முழுக்கச் சூட்டோடு குடும்பம் நடத்தியவர் அவர்; இரும்பு எந்த நிறத்தில் என்ன சூட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர்.

"இடிச்சப்ப என்ன சூடு இருந்திருக்குமுங்க?"

"உங்க உலையெல்லாம் பக்கத்துலயே நிக்க முடியாதுங்க."

வேறு யாராவது, வேறு எங்காவது இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர், "நிக்க முடியாதுங்க, நிக்க முடியாது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

நடக்க நடக்கத்தான் பயம் பிடித்தது. பேப்பர்காரன் கதை விட்டிருப்பான், பெரிசாக ஒன்றும் இருக்காது, பழனியாத்தாளைக் கூட்டிவந்து சுத்தமான குருவைக் காட்டிவிடலாம் என்பதுதான் அவர் போட்டிருந்த கணக்கு. இப்போது பார்த்தால் அடி நிஜம். வார்த்த இரும்பில் காற்று புகுந்து குழி விழுந்தது போல அப்பட்டமாகத் தெரிகிறது. அப்படிக் குழி விழுந்த பம்பை எவன் வாங்குவான்?

"கூட்டிட்டு வராதீங்க. பாத்தாங்கன்னா அதோட முடிஞ்சது. மறந்துபோவட்டும், ஆவணில பேசிக்கலாம்" என்றார் சாந்தாமணி.

பொங்கியண்ணன் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவர் வந்த பிறகுதான், அவர் கண் முன்னாலேயே மண்ணச்சை உடைப்பார். நன்றாக வந்தாலும் சரி, குழி விழுந்தாலும் சரி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். முன்னாலேயே உடைத்துப் பார்த்து, ஓட்டையை அடைத்து, மை பூசிக் கொடுக்கிறவர்களும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் இன்று எந்தக் கிணற்றில் இருக்கிறது?

"காட்டித்தான் ஆவோணும்" என்றார். "இதை மூடி வெச்சு நான் பொண்ணுக் குடுக்க மாட்டேன்."

வியாழக்கிழமை காலையில் அம்பாசடரில் சென்னிமலைக்குப் போய் இறங்கினார். பெட்ஷீட் கட்டுகளுக்கு நடுவே பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை விரதம் அவருக்கு.

"வாங்கண்ணா. டிவியில பாத்தனுங்க. பஞ்சராட்டம் இருந்துச்சு" என்றார் முதல் வார்த்தையாக.

"அடி பட்டிருக்குதுங்கம்மணி. நான் நேத்து என்ற கண்ணால பாத்துப்போட்டுத்தான் வாரேன். ஒண்ணுமில்லைன்னு சொல்ல வரலீங்க. நீங்களும் ஒருக்கா வந்து பாத்துப்போட்டு, அப்பறம் என்ன சொன்னாலும் சரிங்க. வேண்டாம்னா வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். பழனியாத்தாள் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. பிறகு, "இன்னிக்கு அவுரு கெழமை வேற" என்று எழுந்தார்.

"நான் வண்டி எடுக்கறனுங்கம்மா." கிருபாசங்கர் கையில் சாவி ஏற்கனவே இருந்தது.

"பாருங்க, என்னைக் கேக்கறதுக்கு முன்னாலயே சாவி எடுத்துட்டான். கோயிலுக்குப் போவோணும்னா இவனுக்கு டயர்ல காத்து இருக்காது."

மலைமேல் முருகனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் கிளம்பி, அவர்கள் பெரியநாயக்கன்பாளையம் வந்து சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. மைதானத்தில் நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்; சோளப்பொரிக்காரன்கூட வந்திருந்தான். ஆனால் வானம் மூடிக்கிடந்தது. கிழக்கே நிலா மட்டும் மேகத்துக்குள் ஒரு வெள்ளை வெளிச்சமாகத் தெரிந்தது. அதைக் காட்டி, இதே நாள் காலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என்று தொடங்கப் பொங்கியண்ணனுக்கு வாய் ஊறியது. சாந்தாமணி பக்கத்திலேயே நின்றிருந்தார். பொங்கியண்ணன் ஊறியதை விழுங்கிக்கொண்டார். மோகனப்பிரியா அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். கிருபாசங்கர் அந்தப் பக்கம் அவன் அம்மாவுக்குப் பின்னால் நின்றான். நடுவில் நஞ்சப்பன் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்.

காற்று மேகத்தைத் தள்ளியது. தலைக்கு மேலே கொஞ்சம் மேற்கே சாய்ந்து, குரு பளிச்சென்று வந்தார். மாசாணம் குழாயைத் திருப்பிச் சரிபார்த்துவிட்டு, "வாங்கம்மா" என்றார்.

பழனியாத்தாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

பார்த்தார். பார்த்தார். எடுக்கவே இல்லை. பொங்கியண்ணன் துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

பின்னால் வரிசையில் ஒருவர் பொறுமை இழந்தார். "அம்மணி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"இருங்க சாமி. குருவப் பாக்க வந்தவளை அவசரப்படுத்தாதீங்க." கண்ணை எடுக்காமலே மாசாணத்திடம் கேட்டார். "ஏனுங்க வாத்தியாரே, இடிச்சதெல்லாம் இடிச்சு முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் நாலஞ்சு துண்டு பாக்கி இருக்குதுங்க."

"இத்தனை இடிச்சும் ஆளு அசையல பாருங்க. மூஞ்சி அப்படியே தெளிவா இருக்குது." இன்னும் நன்றாகக் குனிந்தார். "இந்த வாரம் எத்தனை பேருங்க இவுரைப் பாத்திருப்பாங்க?"

"உலகம் பூராவுமே பாக்குதுங்க. ஒவ்வொரு நாட்டுலயும்."

"அதானே!" பழனியாத்தாள் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "உலகம் பூராத்து கண்ணும் ஒருத்தர் மேல பட்டா என்னத்துக்கு ஆவும்? அதுக்குத்தான் வெச்சிருக்குது. நெத்தியோரமா மை வெச்சிருக்குதுங்க, நங்கையா, வந்து பாருங்க! கொழந்தைக்குத் திருஷ்டிக்கு வெக்கறாப்ல!"

நங்கையா என்று அண்ணி முறை வைத்து அழைத்ததும் சாந்தாமணி ஓடிப்போய்ப் பார்த்தார். "ஆமாங்க!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் முந்திக்கொண்டு வந்தார்கள். பொங்கியண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். நேற்று அவருக்குக் குழியாகத் தெரிந்தது அதுதானா?

மாசாணம் நேர்மையானவர். அதுதான் சங்கடம். "அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க. இந்தக் குழாயில எல்லாம் தலைகீழாத் தெரியும். நெசத்துல அந்தப் புள்ளி மேல இல்லீங்க, கீழ இருக்குது."

பொங்கியண்ணன் அந்த வாத்தியாரைப் பார்த்த பார்வையில் இரும்பு உருகியிருக்கும்.

பழனியாத்தாள் கொஞ்சம் யோசித்தார். "கீழன்னா... தாடையிலீங்களா?"

"அப்படி வெச்சுக்கலாமுங்க."

"தாடையில வெச்சாத் திருஷ்டி போவாதுங்களா? இதா, இவனுக்கு நான் மூணு வயசு வரைக்கும் தாடையிலதான் வெச்சேன்" என்று கிருபாசங்கரின் மோவாயைப் பிடித்து எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். மைதானமே சிரித்தது. அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மோகனப்பிரியா பக்கம் பார்த்தான். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உப்புச் சர்க்கரைங்கம்மணி?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"அது ஆவணிலதானுங்கண்ணா. உங்க வாரத்துக்காவ என்ற பையனுக்கு ஆடியில சர்க்கரை வாங்க மாட்டேன். அதுல மாத்தமில்லை." அவர் முகம் விழுவதைப் பார்த்துக்கொண்டே பழனியாத்தாள் தன் கொண்டையிலிருந்த முல்லைச் சரத்தை அவிழ்த்தார். மலைக்கோயிலில் வாங்கி வைத்தது. பாதியைக் கிள்ளினார். "கோபிக்காரங்களுக்கு நாளைக்கே சொல்லியனுப்பிடறனுங்க. நீ இப்படி வா கண்ணு."

மோகனப்பிரியா வந்து குனிந்தாள். அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில், ஊர் பார்க்க, குரு பார்க்க, மேகத்தை விட்டு வெளியே வந்துவிட்ட நிலா பார்க்க, பழனியாத்தாள் அவள் தலையில் பூ வைத்தார். நஞ்சப்பன் அந்த நாளிலேயே முதல் தடவையாக வாய் திறந்து, "நல்லாருக்கட்டும்" என்றார். சோளப்பொரியைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். மழை வருவதற்குள் காரில் ஏறலாம் என்று சாந்தாமணி திரும்பிப் பார்த்தபோது பொங்கியண்ணனைக் காணோம். தேடினால், வரிசையின் கடைசியில் போய், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

முன்னால் நின்றவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்க, இந்தப் பீடமே நீங்க குடுத்ததுதான? நேத்தே பாத்துட்டீங்களே?"

"நேத்துப் பயந்துட்டே பாத்தனுங்க" என்றார் பொங்கியண்ணன். "இன்னிக்குத்தான் பாக்கோணும்."